லாரி திரும்பி வருகிற படம்

மார்ச் 6, வியாழன்

நாளை வெளியாகும் படத்தை எங்கள் தியேட்டரின் மூன்றாம் அரங்கு சர்வரில் ஏற்றினேன். ஏதோ ஒரு நாவலைப் படமாக்கியிருக்கிறார்கள். நாவல் என்றால் அழுகை. நாவலைப் படமாக்கினால் பாட்டோடு அழுகை. பாலம் கட்டும் இஞ்சினியர் ஒருவன். அவனை விட்டு மனைவி போய்விடுகிறாள். கதை இவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டே முக்கால் மணி நேரம்.

படம் சரியாக ஓடுகிறதா என்று அங்கங்கே தட்டிப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் தப்பு. வெல்டிங் வைப்பவன் கண்ணுக்குக் கவசம் போடவில்லை. நாயகன் ஏற்கனவே முறுக்கி முடித்த நட்டையே முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். தொங்கு பாலத்தின் இரும்பு வடத்தில் சாய்ந்து அழுகிறான், வடம் கொடிக்கயிறு மாதிரி ஆடுகிறது. அது ஆடினால் பாலம் ஆற்றுக்குள் கிடக்கும், ஐயா! இவனுக்கு யார் பட்டம் கொடுத்தது?

கடைசியில் ஒரு லாரி பாலத்தைத் தாண்டிப் போகிறது. திரை இருள்கிறது. வயலின் இழுக்கிறது. சரி, தொலைந்தது என்று அங்கேயே விளக்குக் குறியை வைத்துவிட்டேன். அந்தக் குறி வந்தவுடன் அரங்கின் விளக்குகள் தானாக எரியும். படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுக் குறி வைக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவன் வந்து பார்க்கட்டும்.

வீட்டில் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்தவள், மாதம் ஒன்றரை ஆகிறது. பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பயமா இருக்குங்க" என்றாளாம். அத்தான், "டாக்டர் இருக்காரே" என்றாராம். சொல்லிவிட்டு, கடையில் வண்டி நிற்கிறது என்று கிளம்பிவிட்டாராம். அவருக்கு டயர் கடை, சக்கரம் நேர் பார்க்கும் வேலை. டிஸ்சார்ஜ் ஆன அன்று அக்கா டாக்சியை எங்கள் தெருவுக்குத் திருப்பச் சொன்னாள். அதோடு சரி.

டாக்டர் இருந்தாரா, இல்லையா? இருந்தார். அப்புறம் அந்தப் பதிலில் என்ன கோளாறு? கேட்டேன். கரண்டியை என் பக்கம் எறிந்தாள்.

"அவரா வந்து பேசட்டும். வந்தா போறேன், வராட்டி இல்ல" என்பதுதான் இவள் அம்மாவிடம் சொல்லும் ஒரே வசனம். அவரா? பேசவா? கல்லுளிமங்கனிடம் போய்க் கச்சேரி கேட்கிறாள்.

சாயங்காலம் அந்தக் கல்லுளிமங்கனே எனக்குப் போன் செய்தார். நீண்ட மூச்சு. பிறகு, "மாப்ள, உங்கக்காவுக்கு என்னதான் வேணும்?" எனக்கு இரண்டாம் அரங்கில் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. "அத்தான், அவளுக்கு ஒரு நாவல்தான் வேதம். நாளைக்கு அது படமா வருது. காலைக் காட்சிக்குப் பாஸ் வைக்கிறேன், வந்து பாருங்க. அதுல என்ன இருக்கோ அதான் அவ மண்டைக்குள்ளயும் இருக்கு" என்று கத்திவிட்டு வைத்தேன்.

அக்கா வரமாட்டாளாம். "புக்கைக் குதறி வெச்சிருப்பானுங்க." குதறுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

மார்ச் 7, வெள்ளி

மேனேஜர் என்னை வறுத்தெடுத்துவிட்டார்.

படம் இருட்டோடு முடியவில்லை. இருட்டுக்கு அப்புறம் இன்னொரு காட்சி இருக்கிறதாம்! விளக்குகள் எரிந்ததும் முக்கால்வாசிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போய்விட்டார்கள். மீதிப் பேருக்குக் கடைசிக் காட்சி பளீரென்ற வெளிச்சத்தில் வெளுத்த துணி மாதிரி ஓடியிருக்கிறது.

"படத்தைப் பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன் சார்."

"முடிவு என்ன? சொல்லு."

"லாரி போகுது."

"வருதுய்யா! திரும்பி வருது! அதுக்குத்தான்யா ஜனம் காசு குடுக்குது!"

நடுவில் திரையை இருட்டாக்கி நாடகம் ஆடியது இயக்குநர். திட்டு எனக்கு. குறியை நகர்த்தினேன். பகல் காட்சியிலிருந்து சரியாகிவிட்டது.

அத்தான் காலைக் காட்சிக்கு வந்திருந்தார். மாடிப்படியில் பார்த்தேன். கண் இரண்டும் சிவப்பு. டயர் தூக்கும் ஆள், ரயிலில் பையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார். "நல்ல படம், மாப்ள. புரிஞ்சுது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். என்ன புரிந்ததோ. இந்தக் குப்பைக்கு அழுகிற ஆளுக்கா என் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம்?

மார்ச் 9, ஞாயிறு

காலையில் டயர் கடை வண்டி வாசலில் வந்து நின்றது. அக்காவின் சாமான்கள். தையல் மெஷின், புடவைப் பெட்டி, அவளுடைய பூந்தொட்டிகள், புத்தகங்கள். புத்தகங்களை டியூப் வரும் அட்டைப்பெட்டிகளில் அளவு பார்த்து அடுக்கி, மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். அத்தான் வரவில்லை. டிரைவரைக் கேட்டால், "அண்ணன் எல்லாத்தையும் அவரே ஏத்தினாரு. ஒண்ணும் சொல்லல" என்றான். சொல்லிவிட்டாலும்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பேசி முடிக்கலாம்னு பாத்தா இப்படி மூட்டை கட்டி அனுப்பிட்டாரே!"

அக்கா அழவில்லை. ஒரு தொட்டியில் மண் சரிந்திருந்தது. அதை விரலால் அமுக்கிச் சமப்படுத்தினாள். "அவ்ளோதானாடா?" என்று என்னைக் கேட்டாள்.  

அந்த ஆளை நாளைக்குக் கடையிலேயே போய் நாலு கேள்வி கேட்கப்போகிறேன்.

மார்ச் 10, திங்கள்

கேட்டேன். கடை நடுவில் நின்று, ஜாக்கியில் ஏறி நிற்கும் காருக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துக் கத்தினேன். "எங்க வீடு என்ன குடோனா? என்ன நெனச்சுட்டு அனுப்புனீங்க?"

வெளியே உருண்டு வந்தார். கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு:

"நீதானே மாப்ள படத்தைப் பாக்கச் சொன்ன."

"அதுக்கு?"

"அவன் அப்படித்தானே பண்றான். அவளைக் கட்டி இழுக்கல. அவ சாமானை ஒண்ணு விடாம ஏத்தி, பத்திரமா அனுப்பிட்டு இந்தக் கரையில நிக்கறான். லாரி போயிடுது. படம் முடிஞ்சுது. விட்டுடறதுதான் மரியாதைன்னு சொல்றாங்க. உங்கக்காவுக்குப் பிடிச்ச கதையாச்சே, அவளுக்கு அதான் வேணும்னு..."



"அத்தான். படம் முடியல."

"லைட்டைப் போட்டாங்களே?"

"போட்டது நான். தப்பான இடத்துல போட்டுட்டேன். அதுக்கப்புறம் லாரி திரும்பி வருது."

"யாரு, அவளா?"

"எனக்கென்ன தெரியும், நான் எங்க பாத்தேன்?"

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அடிக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, "வா" என்றார். பகல் காட்சிக்குப் போனோம். பக்கத்து நாற்காலியில் கிரீஸ் வாசனையோடு அவர். முதல் தடவையாக அந்தக் கண்றாவியை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன்.

எழுதத்தான் வேண்டும், நான் பொய் எழுத இந்த டைரியை வைத்துக்கொள்ளவில்லை. வடம் ஆடுகிறது. வெல்டர் இன்னும் குருடாகாமல் இருப்பது அதிசயம். வசனங்கள் வாழ்த்து அட்டையில் அச்சடிக்கும் ரகம். ஆனால் அவள் வீட்டை விட்டுப் போகும் காட்சியில் செருப்பைத் தேடுகிறாள். ஒற்றைச் செருப்பு கிடைக்கவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடி எடுத்துக் கொடுக்கிறான். அவள் போட்டுக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் காட்சி. இசைகூட இல்லை. அதை எவனோ தெரிந்துதான் எடுத்திருக்கிறான். முட்டாள் கூட்டத்தில் ஒருவனுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

நட்டு விஷயமும். முறுக்கி முடித்ததையே ஏன் முறுக்குகிறான் என்று புரிந்தது. அவனுக்கு வேலை எதுவும் மிச்சமில்லை, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. இதை முன்னாலேயே விளக்கமாகச் சொன்னால் என்ன?

லாரி திரும்பி வந்தது. டிரைவர் பக்கத்தில் அவள், மடியில் ஒரு விளக்கு. ஜனம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அத்தான் என் முழங்காலைப் பிடித்து நசுக்கிவிட்டார். இப்போதும் வலிக்கிறது.

"அப்ப அவ வந்துடுவா, மாப்ள" என்றார் வெளியே வந்ததும். வளர்ந்த மனுஷன்!

மார்ச் 11, செவ்வாய்

அத்தான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே பார்க்கிறாராம். டிரைவர் போன் செய்து, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறான்.

மார்ச் 12, புதன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறி, இருட்டு, விளக்கு, டயர் கடை, திரும்பி வந்த லாரி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். ஒன்றரை மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு மடித்த துணியால் என்னை அடித்தாள்.

"ஏண்டா, என் வாழ்க்கைக்கு லைட்டு போட நீ யார்ரா? அந்தாளுக்கு ஒரு காரியம் சொந்தமாப் பண்ணத் தெரியாதா? படம் பாத்துட்டு வந்துதான் பொண்டாட்டியை அனுப்புவாரா?"

"இப்ப படத்துல லாரி வருதுன்னு காத்திட்டிருக்காரு."

"புக்குல வராது."

"என்னது?"

"வராதுடா. அதான் கதையே. அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாயைத் திறக்கத் தைரியமில்லாம சாமானை அனுப்பறான். அவ போய் எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பாக்கறா. உள்ள ஒரு வார்த்தைகூட இல்ல. அதனாலதான் திரும்பிப் போகல. இது தெரியாத மடையன், அதையே பெரிய தியாகமாக்கி, வயலினைப் போட்டுப் படம் எடுத்திருக்கான்!"

இவ்வளவு பேசியபின்தான் குரல் உடைந்தது. "நானும் எல்லாப் பெட்டியையும் பிரிச்சுட்டேன்டா" என்றாள்.

கொல்லைப்பக்கம் போய் அத்தானுக்குப் போன் போட்டேன். "லாரி வராது. நாற்காலியை உள்ள போடுங்க. நீங்கதான் வரணும், வந்து பேசணும்."

"என்ன பேசறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் புரொஜக்டர் பாக்கறவன்."

வைத்தபிறகு யோசித்தேன். இந்த ஆள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? வேண்டாம். அந்தக் கேள்விக்குள் போகவேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

மூன்றாம் அரங்கில் இடது ஒலிபெருக்கியைச் சோதிக்கப் பகல் காட்சியில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருக்கிறது. செருப்புக் காட்சி வரை இருந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

வலது ஒலிபெருக்கியும் நன்றாகத்தான் இருக்கிறது. மேனேஜர், "என்னய்யா, டிக்கெட் வாங்கறியா?" என்கிறார். நாகரிகமில்லாத மனிதர்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் கடைக் கறுப்பு. அம்மா காபி கொடுத்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா எதிர் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. நான் போயிருக்க வேண்டும், போகவில்லை.  எனக்கு எழுந்துபோய் அந்த ஆளின் தாடையைப் பிடித்துத் திறக்கலாம் போல இருந்தது.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு வண்டி எதுவும் நிக்கல."

அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"கடையைத் திறக்கவே இல்ல. ஷட்டருக்கு வெளிய உக்காந்திருந்தேன். உள்ள கொண்டுபோகும்போது உன் கால் விரல் நடுங்குச்சு. அதைப் பாத்ததும் எனக்கு அங்க நிக்க முடியல. டாக்டர் இருக்காருன்னு சொன்னேனே, அது உனக்கு இல்ல. எனக்கே சொல்லிக்கிட்டேன்."

இவ்வளவும் சொல்ல அவருக்கு வியர்த்துவிட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்து உதிர்ந்திருக்குமா?" என்றாள் அக்கா. திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பழக்கமில்ல."

"பழகுங்க."

"சரி."

"சரின்னு ஒத்தை வார்த்தையில முடிக்காதீங்க!"

"சரி... இல்ல, பழகறேன். தினம் பழகறேன்."

அம்மா என் முதுகில் குத்தி அடுக்களைக்குள் தள்ளினாள். கதவு இடுக்கு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கதவு, மரம் தடிமன்.

டாக்டர் இருக்காரே. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு ஷட்டருக்கு வெளியே உட்காரத் தெரிந்திருக்குமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்தப் படத்தைத் தூக்கிவிட்டோம். அழிப்பதற்கு முன் சர்வர் உறுதியாகவா என்று கேட்டது. எல்லாப் படத்துக்கும் கேட்கும். புதுப்படம் ஆரம்பம் முதல் கடைசி வரை துப்பாக்கிச் சூடு. தொழில்நுட்பம் சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. கொட்டாவி விட்டுக்கொண்டே குறி வைத்தேன்.

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சாமான்களில் பாதிதான் அங்கே திரும்பிப் போயிருக்கிறது. தையல் மெஷினும் தொட்டிகளும் போய்விட்டன. புத்தகங்களை இப்போதைக்கு எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறாள். "அவர் பழகற லட்சணத்தைப் பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்கிறாள்.

பழகுகிறார். பழகித் தொலைத்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இருவரின் சத்தமும் கேட்டது.

"லாரி வரலேன்னா அது என்னம்மா கதை? இத்தனை தூரம் படம் பாக்க வந்தவன் வீட்டுக்கு வெறுங்கையோடயா போவான்?"

"வரலேங்கறதுதாங்க கதை!"

"கருமம் பிடிச்ச கதை. எழுதினவன் கல்யாணம் ஆகாதவன்."

"எழுதினது பொம்பளை!"

"அப்ப அவ புருஷன் பாவம்."

மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை சன்னல் வழியாகத் தலையை நீட்டிவிட்டுப் போனார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் அக்கறை இல்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுடா. எது சரி?" என்றாள்.

பசி எனக்கு. சட்டென்று முடிக்கலாமென்று சொன்னேன். "ரெண்டுமே அரைகுறை. லாரி வந்தா என்ன, வராட்டி என்ன? பெட்டியெல்லாம் பிரிச்சு முடிச்சதும் அவ அந்த அட்டைப்பெட்டியை மட்டும் தூக்கி எறியாம, வெட்டி, ஜன்னல் ஓட்டையில ஒட்டறாளே, அதைப் படத்துல விட்டுட்டான். முட்டாப் பய. அது இல்லேன்னா அவ கோபம்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது."

 அக்காவின் கையில் கரண்டி அந்தரத்தில்.

"ஜன்னல் விஷயம் புக்குலதானேடா வருது?"

"கொழம்பை ஊத்து."

"எப்படா படிச்ச?"

"கொழம்பை ஊத்துன்னு சொன்னேன்."

அத்தான் தட்டை நகர்த்திவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சமும் கிண்டல் இல்லை. "எந்த ஜன்னல், மாப்ள? எனக்குத் தெரியாதே. அவ ஏன் ஒட்டறா? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நடுவில் கேள்வி கேட்டார். சரியான கேள்விகள். முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.