ஷட்டர் கைப்பிடிக்குப் பேரீச்சம்பழம்

ஐப்பசி, செவ்வாய். மழை இப்போதுதான் விட்டது.

தடுப்பணையின் ஷட்டரைத் திருகித் திறக்கும் இரும்புக் கைப்பிடியைப் போன வாரம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தது நான்தான். சித்தப்பாவைக் கொஞ்சம் சுற்றவிடலாம் என்று நினைத்தேன். இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

இன்று மலையில் கொட்டிய மழையில் ஓடை பொங்கிவிட்டது. ஷட்டரைத் திறக்காவிட்டால் தண்ணீர் கரையேறிச் சித்தப்பாவின் நெல்லுக்குள் பாயும். கொட்டகைக்கு ஓடினேன். கைப்பிடியைக் காணோம்.

“எம்மா, இங்க கெடந்த இரும்பு எங்க?”

“பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்லே. நேத்து அம்புட்டுப் பேரீச்சம்பழத்தையும் நீதான முழுங்குன?”

அவன் இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியிருப்பான்.

அணைக்குப் போனால், சித்தப்பா நனைந்துகொண்டே ஸ்பானரை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து பிடித்தேன். ஷட்டர் ஒருவழியாக ஏறுவதற்குள் பாதி வயல் மூழ்கிவிட்டது.

“எந்தக் களவாணிப்பய தூக்கிட்டுப் போனானோ! நீ ஒருத்தனாவது ஒத்தாசைக்கு வந்தியேலே” என்று என் முதுகில் தட்டினார்.

ரெண்டு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சனியன், விடிந்ததும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிவிட்டு ஓடலாம் என்றால், வயல் முழுக்கச் சேறு.