யானை கொண்டுபோன கதிரை

மாசி 1, ஞாயிறு
காலையில் பனி. நெல் முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை வெட்டு மெசின் வரும்.

தொடக்கத்தில் இப்படி மூன்று வரிக்கு அரை மணித்தியாலம். இப்போது கை ஓடுகிறது. ஒரு நாளும் விடாமல் எழுதுங்கோ என்று முதியோர் எழுத்து வகுப்பு ரீச்சர் சொன்னவா. எழுபத்திரண்டு வயதில் கொப்பியும் பென்சிலும். சந்தோசம்தான். விரல் நோகிறது.

பக்கத்து வளவு நிலானி, தையல்காரி. அவளுடைய போனில் ஏஐ என்று ஒன்று. வாயால் சொன்னதை ஓடுகிற படமாக்கித் தரும். நேற்று பசுமாடு பஸ் ஓட்டியது. முந்தநாள் மீன்கள் குடை பிடித்துச் சந்தைக்கு வந்து, மனிசரை விலை கேட்டன. ஒரு அர்த்தமும் இல்லை. மூன்று தரம் பார்த்தேன்.

இன்று நானும் ஒன்று சொன்னேன். யானை சாரம் கட்டி, ஃபைலோடு கந்தோர் வரிசையில் நிற்க வேண்டும். அலுவலர் "நாளைக்கு வா" என்று சொல்ல வேண்டும்.

"மாமா, உங்கட மண்டைக்குள்ள என்னதான் கிடக்கு?"

செய்து தந்தாள். யானைக்கு ஐந்து கால். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள்.

மாசி 2, திங்கள்
விடிய யானை வந்தது. உண்மை யானை. நாலு கால்.

பாதி வயல் போச்சு. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். போகும்போது காவல் கொட்டிலில் நான் குந்தியிருக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைத் தும்பிக்கையில் மாட்டிக்கொண்டு வரம்பால் நடந்தது. அவசரமே இல்லை. கலியாண வீட்டுக்கு இரவல் கதிரை கொண்டுபோகிற ஆள் மாதிரி.

நான் தகரத்தில் அடித்தேன். நிலானி தன் படலை வாசலில் நின்று போனில் எடுத்தாள். பிறகு வரம்பில் இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை.

செய்ய வேண்டியது:
கந்தோருக்குப் போக வேண்டும்.
நட்டஈட்டுப் படிவம்.
அலுவலர் வந்து பார்க்கும்வரை வெட்டக்கூடாது. வெட்டினால் நட்டஈடு இல்லை.
யானை வராமல் வேலியில் பூச மிளகாய்த் தூள்.

மாசி 3, செவ்வாய்
பஸ் பிந்தி. நிலானியும் வந்தாள். கந்தோரில் அலுவலர் இளம் ஆள், மரியாதையான பிள்ளை. போனைக் காட்டினோம். கதிரை வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

"ஐயா, இது ஏஐ எல்லோ. முந்தநாளும் ஒரு ஆனை வந்தது. சாரம் கட்டின ஆனை. கந்தோரே பாத்துச் சிரிச்சது."

"அது பொய் ஆனை, தம்பி. இது என்ர வயலுக்கு வந்த ஆனை."

"அந்த ஆனையை அனுப்பினது ஆர்?"

"நான்தான்" என்றாள் நிலானி, நிலத்தைப் பார்த்து.

"அப்ப நேரில வந்து பாருங்கோவன்" என்றேன்.

"இண்டைக்கு வாகனம் இல்லை. நாளைக்கு வாங்கோ."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம். நாளை பெப்ரவரி நாலாம் திகதி. சுதந்திர தினம். கந்தோர் பூட்டு.

நாளைக்கு வா என்று சொல்ல வைத்தது நான்தானே.

மாசி 4, புதன்
வெயில். மிஞ்சின நெல் உதிர்ந்து கொட்டுகிறது. வெட்டு மெசின்காரர் வந்தார்.

"ஐயா, வெள்ளியை விட்டால் நான் வவுனியாப் பக்கம். வெட்டுவமோ, விடுவமோ?"

"நாளைக்குச் சொல்லுறன்."

சொன்ன பிறகு வாயைப் பொத்தினேன்.

நிலானி அழுதாள், தன்னால்தான் என்று. இல்லைப் பிள்ளை, கதை என்னுடையது. இனிப் படம் செய்யமாட்டாளாம். அந்த மீன்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பகல் முழுக்க இருந்து, பிழை திருத்தித் திருத்தி ஒரு கடிதம். பன்னிரண்டு வரி. யானை, நெல், கதிரை எல்லாம் இருக்கிறது. கீழே கையெழுத்து. பெருவிரல் மை இல்லை. என் முதல் கடிதம்.

மாசி 5, வியாழன்
முதல் பஸ். கந்தோர் வரிசை வாசலுக்கு வெளியிலும் நிற்கிறது. வாங்குகளில் குந்த இடம் இல்லை. இரண்டு மணித்தியாலம் ஆச்சு. முழங்கால் உளைகிறது. கடிதம் ஃபைலுக்குள். கொப்பியைச் சுவரில் வைத்து எழுதுகிறேன்.

முன்னால் நிற்கிறவர் திரும்பி என் சாரத்தைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், சிரிப்பை அடக்குகிறார். அந்தப் படம் இவருக்கும் வந்திருக்கிறது.

யானை ஏன் கதிரையைக் கொண்டுபோனது என்று இப்போது விளங்குகிறது.