வேலம்மா அத்தை கேட்ட கேள்வி

புக்கிட் செந்தோசா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு ஷர்மினி,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை, அங்கே குளிர் உன்னை வாட்டாமல் இருந்தால் சரி. மழை விடாததால் துணியெல்லாம் வீட்டுக்குள்தான் காய்கிறது. நீ படித்த சட்டக் கல்லூரியின் மாநாட்டில் நான் மைக்கைப் பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும், நீ சொன்னதால்தான் வேலம்மா அத்தையை ரவாங்கிலிருந்து ரயிலில் அழைத்துப் போனேன். அத்தை வேலை செய்த தோட்டம் விற்றாகிவிட்டது, அவர் இருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. கேள்வி நேரத்தில் அத்தை எழுந்து தன் கடைத்தெரு மலாயில் பேச ஆரம்பித்தார். மேடையில் இருந்தவர்களுக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் கூசியது. சேலையைப் பிடித்து இழுத்து, அண்ணி, தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன் என்றேன். அவர் சொன்னது இது: நாங்க பிச்சை கேக்க வரல லா, ரப்பர் மரம் வெட்டிப் பாலும் எடுத்தோம், செம்பனப் பழமும் பொறுக்குனோம், வீடு குடுக்காம எங்கள வெளிய தள்ளச் சட்டத்துல எடம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லச் சொல்லு. நான் சொன்னது: இந்த அம்மா கவலையில் இருக்கிறார், ஏதாவது உதவி கிடைக்குமா என்று பணிவோடு கேட்கிறார். அந்தப் பணிவு நானாகச் சேர்த்தது. மேடையில் இருந்த பேராசிரியர் இரக்கத்தோடு தலையாட்டி, சமூகநல இலாகாவைப் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது எடுத்த படம்தான் அது.

திரும்பும்போது அத்தை, ஏன் லோகா, நான் அம்புட்டுப் பேசுனேன், இங்கிலீஷ்ல அது இத்தனூண்டுதானா என்று சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் பொறுக்கவில்லை. நேற்று அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், நான் போன் செய்து கேட்டதில் கல்லூரியின் சட்ட உதவிப் பிரிவில் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருப்பதையும் சொன்னேன். அத்தை நோட்டீஸை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, சரி லா, தொணைக்கு வா, ஆனா அங்க வாயத் தொறக்காத என்றார். அப்படியே போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தப் படத்தை உன் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடு. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க அத்தை உன்னைப் போனில் கூப்பிடுவார், எப்படிப் பேசினாலும் முழுவதையும் கேள், அம்மாகிட்ட குடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. உடம்பும் மனமும் தெம்பாக, நினைத்ததை முடித்து நன்றாக இரு.

உன் அம்மா,
லோகேஸ்வரி