சிங்கப்பூரில் இறங்கும் அட்டை

பயணத்துக்கு எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையின் பையில் உன் பேனா இருந்தது. மை காய்ந்து ஆண்டுகள் ஆகின்றன. மூடியில் உன் பல் பதிந்த தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் அதைக் கடிப்பாய்.

நாளை மறுநாள் சிங்கப்பூர் வருகிறேன், நீ கண்ணை மூடி இருபத்திரண்டு நாள் கழித்து. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத்தான் தெரியுமே. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது.

முதன்முதலில் நாம் போனது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி. கரையிலிருந்து படகில் போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏறினோம். ஒரு வாரம் கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பினாங்கு தாண்டியதும் ஆளுக்கோர் அட்டை கொடுத்தார்கள். பேர், ஊர், எதற்கு வருகிறாய், எங்கே தங்குவாய். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாந்தி வருகிறது என்று கம்பியோரம் போய் நின்றேன். பின்னாலேயே வந்தாய்.

"வாந்தியெல்லாம் அப்புறம் எடு மாப்ளே, அட்டையக் குடு."

இரண்டையும் உன் முழங்காலில் வைத்து எழுதினாய். புரோட்டாக் கடையில் வேலை பார்த்த காலத்தில், லீவு நாளில் பாலம் தாண்டி மலேசியாப் பக்கம் ஜொகூருக்குப் பஸ்ஸில் போய்வருவோம். அப்போதும் என் அட்டையை எழுதிவிட்டுத்தான் உன்னுடையதை எடுப்பாய்.

நான் மெல்பர்ன் வந்த பிறகு என் மகன் லீவு போட்டு இரண்டு முறை உன்னிடம் விமானத்தில் அழைத்து வந்தான். இரண்டாம் முறை வழியனுப்பும்போது இந்தப் பேனாவை என் பையில் குத்தினாய். "அடுத்த தடவ மகனுக்காகக் காத்துக் கெடக்காத. பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பேனாவ நீட்டு. எவனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

அந்தச் சொல் சுருக்கென்றது. ஊர் திரும்பியதும் உன்னிடம் போனில் பொய் சொன்னேன். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பொயிண்ட் குக் நூலகத்தில் எழுத்து வகுப்புக்குப் போகிறேன், இனி அட்டையை நானே நிரப்புவேன் என்று. இரண்டு நாள் போனது நிஜம். மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் பலகையில் எழுதச் சொன்னார்கள். அதோடு சரி.

"அப்ப இனிமே ஒனக்கு நா வேணாம்னு சொல்லு," என்று சிரித்தாய். "தனியா வா. கடல்ல வந்த, பாலத்துல வந்த, ஆகாசத்துல வந்த. இன்னும் எந்த வழி வேணும் ஒனக்கு?"

ஆறு வருஷம் சாக்குச் சொன்னேன். முழங்கால் வலி என்றேன், மகனுக்கு வேலை என்றேன். கடைசியில் நீ, "மூச்சு வாங்குதுடா, வந்துட்டுப் போ" என்றபோதும், பெருநாள் கழியட்டும் என்றேன். முன்பின் தெரியாதவனிடம் பேனாவை நீட்டக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

விடியற்காலைத் தொழுகை முடிந்த நேரம் உன் மகன் கூப்பிட்டான். நடுப்பகல் தொழுகையோடு அடக்கம் என்றான். எட்டு மணி நேர விமானத்தில் நான் எப்படி வந்து சேர்வேன்? அவன் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"போன வாரந்தான் அத்தா சொன்னாங்க சாச்சா. 'அவனுக்கு எழுத வராது, வரும்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரியுறான். நீ போயிக் கையோட கூட்டிட்டு வா'ன்னு. டிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தெரிந்தே இத்தனை வருஷம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தாயா?

இன்று காலை சமையலறை மேசையில் மருமகள் போனைத் தட்டிக்கொண்டே, "சிங்கப்பூர்ல எங்க தங்குவீங்க மாமா?" என்றாள். எதற்கு என்றேன்.

"அரைவல் கார்டுக்கு, அதான் எறங்குற அட்டை. இப்ப எல்லாம் வீட்டுலேருந்தே போன்ல போட்டுரலாம். பிளேன்ல காகிதம் குடுக்கறதெல்லாம் நிறுத்தி வருஷக்கணக்காச்சே."

நான் பயந்து கிடந்த அட்டை எப்போதோ இல்லாமல் போயிருக்கிறது. அப்போது நீ உயிரோடு இருந்தாய்.

உன் பிளாக், மாடி, கதவு எண், எல்லாம் தடுமாறாமல் சொன்னேன். "யாரப் பாக்கப் போறீங்கன்னு கேக்குதாம்மா?" என்றேன்.

"இல்ல மாமா. அதெல்லாம் கேக்கல."

பேனாவை எடுத்துச் சட்டைப்பையிலேயே திரும்பக் குத்தினேன்.

"அது எழுதாதே மாமா."

"எழுத வேணாம்மா. நீட்டத்தான்."