பக்கத் தகடு மூடாத கணினி

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன லேப்டாப் வேண்டாம். டெல்லி நேரு பிளேஸ் கணினிக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி, நானே ஒரு கணினியைப் பொருத்திவிட்டேன். கடைக்காரர், "மேடம், காம்போ லே லோ, சப் குச் மிலேகா", மொத்த செட்டாக எடுத்துக்கொண்டால் எல்லாமே கிடைக்கும் என்று விடாமல் சொன்னார். தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன்.

முதலில் திரை இருட்டாகவே இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க பட்டதாரி, முழுசா ஒண்ணு வாங்கியிருந்தா இந்நேரம் படமே பாத்திருக்கலாம்ல?" என்று சிரித்தாள். மானிட்டர் வயரைத் தவறான இடத்தில் செருகியிருந்தேன். மாற்றியதும் அறை முழுக்க மெல்லிய நீலம் பரவியது. உள்ளே சுற்றிய விசிறி தூரத்து மழைபோலக் கேட்டது. ஒன்றும் செய்யாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வீடு, கட்டில், திரைச்சீலை, உங்கள் அலுவலகத்திலேயே எனக்கொரு வேலை. எல்லாம் தயார், நீ வந்தால் போதும் என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்த வீடு கனவில் வருகிறது. அதில் நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் தெரிவதில்லை.

ஞாயிறன்று உங்கள் அம்மா என் சம்மதம் கேட்டு ஃபோன் செய்வார்கள். அதற்குள் ஒருமுறை ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கணினியின் பக்கத் தகட்டை இன்னும் மூடவில்லை. உள்ளே ரேம் என்ற நினைவகப் பலகை பொருத்த ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஒன்று வாங்கி வந்தால் எப்படிப் பொருத்துவதென்று காட்டுகிறேன்.

பிறகு அந்த வீட்டைப் பற்றி முதலிலிருந்து பேசலாம்.

இன்னும் பதில் சொல்லாத,
நான்