நீர் கலஹாதானே?

வியாழன் இரவு, விடுதி அறை

கோபம் இன்னும் தணியவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்கான தலைப்பை இன்று மேற்பார்வையாளர் மேடத்திடம் கொண்டுபோனேன். பழைய ரோமாபுரியில் அடிமைகளாக இருந்த செவிலித்தாய்மாரின் கல்லறை வாசகங்கள். இதற்காகவே விடுமுறையெல்லாம் லத்தீன் படித்தேன். மேடம் தலைப்பை முழுதாக வாசிக்கக்கூட இல்லை.

"நீர் கலஹாதானே? உமக்கு ஏன் பிள்ளை அடிமையளின்ர கல்லறை? உங்கட தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை ரோமச் சடங்கு ஒண்டோட ஒப்பிட்டுச் செய்யும். உமக்கு லேசு."

"நாங்க வேதக்காரங்க மேடம். காமன் கூத்த நான் போன்லதான் பாத்திருக்கேன்."

"அதுக்கென்ன, அம்மாவைக் கேட்டா சொல்லுவா."

அம்மா கண்டியில் மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாதா கோயில் பாட்டு.

எனக்கு முன்னால் உள்ளே போன திலினி அம்பிட்டியக்காரி. கிரேக்கக் கடவுள்கள் என்றாள். உடனே கையெழுத்துக் கிடைத்தது. அம்பிட்டியவில் கிரேக்கக் கோயில் எங்கே இருக்கிறதென்று மேடம் கேட்கவில்லை. நான் மட்டும் போகிற இடமெல்லாம் தோட்டத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டுமாம். கூத்தைக் குறைவாக நினைக்கவில்லை. ஆசைப்படுகிறவர்கள் அதைப் படிக்கட்டும்.

"சரி மேடம், யோசிக்கிறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேனே, அதுதான் இன்னும் எரிகிறது. யோசித்துவிட்டேன். நாளைக்கும் அதே தலைப்போடுதான் போவேன்.

மேடம் பிறந்தது சாவகச்சேரியில். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தது ஏதென்ஸ் நாடகங்களை. அன்றைக்கு அவரிடம் யாராவது, "நீர் சாவகச்சேரிதானே?" என்று கேட்டார்களா?