அப்பா பாட்டில் அக்கா நின்ற இடம்

செப். 21, ஞாயிறு. அமாவாசை

விடிந்ததிலிருந்து மூட்டம். மழை இதோ அதோ என்று போக்குக் காட்டிவிட்டு வரவே இல்லை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. புழுங்கல் நாற்றம்.

அப்பாவுக்குப் படையல். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை. ரசம் அக்கா வைத்தது. உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. முந்தி என்றால் "அப்பா எந்திரிச்சு வந்து தண்ணி கேப்பாருக்கா" என்று சொல்லிச் சிரித்திருப்பேன். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மதியம் கோவிந்தன் அண்ணன் போன். கம்பைநல்லூர்ப் பக்கம் ஏரிக்கரை அம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். நவராத்திரி ஏழாம் நாள் அங்கே எங்கள் இரண்டு பேர் கச்சேரி. அப்பா காலத்திலிருந்தே உள்ள வழக்கம்.

"ரெண்டு பேரும் வர்ற ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருங்க. உங்கப்பா பாட்டுதாங்க முக்கியம். சனங்க அதத்தாங்க கேக்குறாங்க."

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் தருமபுரி டாக்டர் அக்காவைப் பற்றிச் சொன்னதை இதுவரை இதில் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். எழுதாவிட்டாலும் நிஜம்தான். "மறதி நோய்ங்க. இப்பத்தான் ஆரம்பம். மாத்திரை குடுத்தா கொஞ்சம் மெதுவாப் போகும், நிக்காது." அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தபிறகு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முரளிகிட்டயும்தான்" என்றாள். முரளி அவள் பையன். ஓசூரில் கம்பெனி வேலை. வாரம் ஒரு போன்.


செப். 23, செவ்வாய்

வெயில். நேற்றே கொலு வைத்திருக்க வேண்டும், இன்றுதான் படி கட்டினோம். செட்டியார் பொம்மைக்கு மூக்கு போய்விட்டது.

ஆபீசில் வக்கீல் சார் ஒரே பத்திரத்தை மூன்று தரம் மாற்றி டைப் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு தரமும் "இதுதாம்மா கடைசி." அரூரில் இருக்கிற அத்தனை வாய்க்கால் தகராறும் என் விரல் வழியாகத்தான் போகிறது.

சாயங்காலம் சாதகம். அக்கா ரிடையரான பாட்டு டீச்சர், குரல் இன்னமும் கணீர். அவள்தான் முதல் குரல். நான் எப்போதும் பக்கத்தில், அவளுக்குக் கொஞ்சம் பின்னால், ஒத்தாசைக் குரல். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். எனக்கு அதில் குறை இல்லை. குறை இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மற்ற உருப்படிகள் பரவாயில்லை. அ.பா. (அப்பா பாட்டு, அந்த அம்மன் மேல் அவரே கட்டியது) எடுத்தோம். சாவேரி ராகம். பல்லவி, அனுபல்லவி சுத்தம். சரணத்தில் "மஞ்சள் காட்டு மண்ணை மணக்கச் செய்தவளே" வந்தது. அதோடு நின்றுவிட்டாள். தாளம் மட்டும் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. முடித்துவிட்டு, "சுருதி எறங்குதுடி உனக்கு" என்று என்னைத் திட்டினாள்.

மறுபடி பாடினோம். அதே இடம். மறுபடியும். அதே இடம்.


செப். 25, வியாழன்

மாத்திரை வாங்கினேன். பால், கொண்டைக்கடலை, வெற்றிலை, அக்கா ரவிக்கைக்குக் கொக்கி. ஸ்ருதிப் பெட்டிக்கு பேட்டரி மறந்துவிட்டேன். நானே மறந்துவிட்டேன்!

வரிகளைப் பெரிய எழுத்தில் டைப் அடித்துக்கொண்டு வந்து நீட்டினேன். பார்த்த பார்வையிலேயே எரித்துவிட்டாள்.

"எங்கப்பா பாட்டுக்கு எனக்குப் பேப்பரா? சனங்க வாயால சிரிக்க மாட்டாங்க."

எங்கப்பாவாம். எனக்கு அவர் பக்கத்து வூட்டுக்காரர் போல.

சாப்பிட்டபிறகு அவளே வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "இதோ பாரு வசந்தி. நின்னுட்டேன்னா உன் கை மேல கை வைப்பேன். நீ எடுத்துக் குடு. மொத வார்த்தை போதும், மிச்சம் வந்துரும்."

அதை அப்போதே ஒத்திகை பார்த்தோம். கை வைத்தாள், கொடுத்தேன், வந்தது. சரியாகத்தான் இருக்கிறது. அவள் கை மட்டும் வழக்கத்தை விடக் குளிர்ச்சி.


செப். 27, சனி

மழை கொட்டி ஓய்ந்தது. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காய்ச்சல் என்று கோவிந்தன் அண்ணனிடம் சொல்லிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்.

"நீ வேணா காய்ச்சல்ல படுத்துக்க. நான் போயி பாடிட்டு வரேன்."

"நாலு பேர் முன்னாடி நின்னுட்டா என்னக்கா பண்ணுவ?"

"நீ எதுக்கு இருக்க?"

எதற்கும் பதில் இல்லாதபடி பேச அவளுக்கு மட்டும்தான் வரும். அந்தக் கலை ஒன்றும் மறக்கவில்லை.

பிறகு வெளிக் கதவைப் பூட்டப் போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "பாட்டும் போயிருச்சுன்னா நான் யாருடி? சோறு தின்னுட்டு ஒரு ஓரமா உக்காந்திருக்கறவ. அதுக்குள்ள ஒரு தரம் ஒழுங்கா பாடிட்டு வந்துடறேன்." அழவில்லை. எனக்குத்தான் அழுகை. வெங்காயம் உரிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டேன்.


செப். 28, ஞாயிறு

பாடி முடித்து வந்தாயிற்று. ஆட்டோவில் அவள் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுத முடியாது இப்போது.


செப். 29, திங்கள்

ஆபீசுக்கு லீவு. தலைவலி. காலையிலிருந்து போன் மேல் போன், வாழ்த்து. நேற்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நன்றாகவே இருந்தது. பிளாஸ்டிக் சேர் நிறைந்து, மீதிப் பேர் தரையில். வயலின் சேலம் குமரேசன் சார், மிருதங்கம் அவருடைய மச்சான். அம்மனுக்கு அலங்காரம் நடப்பதால் சன்னதியில் திரை. மைக்செட்காரர் வழக்கம்போல் எதிரொலியை ஏற்றி வைத்து, எங்கள் குரல் ஏரிக்குள்ளிருந்து வருகிற மாதிரி பண்ணியிருந்தார். ஒரு கிழவர் முன்னால் உட்கார்ந்து, பாட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே ஆஹா சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. அக்கா அவ்வளவு நிதானம். நான் தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று கூட நினைத்தேன். கடைசியில் அ.பா.

"மஞ்சள் காட்டு மண்ணை மணக்கச் செய்தவளே." அக்கா பாடினாள். மறுபடி அதையே பாடினாள். மூன்றாம் முறை கொஞ்சம் மாற்றி, மேலே போய். குமரேசன் சார் முகம் மலர்ந்துவிட்டது. வரியைப் பிடித்துக்கொண்டு வில்லில் இழைத்தார். மிருதங்கம் அடங்கி, அவளுக்கு இடம் விட்டு வாசித்தது. பின்னால் யாரோ ஒருத்தர் கேட்கிறார், "ஏங்க, ஒரே வரியவே பாடிட்டிருக்காங்க?" பக்கத்திலிருந்தவர், "அதுக்குப் பேரு நிரவலுங்க. ஒரு வரிய எடுத்து விதவிதமா பாடறது. பேசாம கேளுங்க."

அக்கா கை என் கை மேல் வந்தது.

அடுத்த வரி "ஏரி நிறைய எங்கள் வீடும் நிறையச் செய்பவளே." "ஏரி" என்று ஒரு வார்த்தை நான் எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

ஏன்? ஒரு காரணம், யாருக்குமே தெரியவில்லை. அந்தப் பாட்டின் வரிகள் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் மனப்பாடம். நிரவல் என்று சபை நம்பிவிட்டது. இப்போது எடுத்துக் கொடுத்தால் மைக்கில் விழுந்து குட்டு உடைந்துவிடும், அவள் மானம் போய்விடும் என்று நினைத்தேன். இன்னொரு காரணத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். நன்றாக இருந்தது. என் வயசுக்கு அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்குத் திரும்பி வரும்போது ஒரு தவிப்பு, ஒரு கெஞ்சல். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் மயிர் கூச்செறிந்தது. நானும் அவளோடு சேர்ந்து அதே வரியைப் பாடினேன். அதே வரியை! கை இறுகிக்கொண்டே போனது. நகம் பதிந்தது. பாட்டில் ஒன்றிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைதட்டல் வேறு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று திரை விலகி, தீபாராதனைக்கு அடிக்கிற கரண்ட் மேளத்தைப் போட்டுவிட்டார்கள். முரசும் மணியும் காதைப் பிளக்க, எல்லோரும் எழுந்து கைகூப்பி சன்னதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வயலின் நின்றுவிட்டது. அந்த இரைச்சலுக்குள் அக்கா மட்டும் உட்கார்ந்தபடி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. உதடு அசைவதை வைத்துத்தான் தெரிந்தது, இன்னும் அதே வரி.

மேளம் நின்றபிறகு நான் மங்களம் எடுத்தேன். கூடவே பாடினாள். கோவிந்தன் அண்ணன் சால்வை போர்த்தி, "இந்த மாதிரி ஒரு வருசமும் இல்லீங்க. அம்மாவே எறங்கி வந்து பாடின மாதிரி இருந்துச்சுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை. குமரேசன் சார் மட்டும் பெட்டியை மூடும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். "அக்காவ நல்லாப் பாத்துக்குங்கம்மா" என்றார்.


செப். 30, செவ்வாய்

தூறல். மாவு புளிக்கவில்லை, இட்லி கல்.

யாரோ முந்தாநாள் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் பகுதி மட்டும். முரளி ஓசூரிலிருந்து போன் பண்ணி, "அம்மா செமையா பாடியிருக்காங்க சித்தி! எங்க ஆபீஸ் ஃபுல்லா காட்டினேன்" என்கிறான். அவனுக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். சரிப்பா சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

தருமபுரியில் ஒரு பெரிய கோயிலிலிருந்தும் கேட்டார்களாம், மார்கழிக்கு. கோவிந்தன் அண்ணன் சொல்கிறார்: "அந்த நெரவலு கண்டிப்பா இருக்கணுமாங்க." இருக்கணுமாம்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பூ கட்டிக்கொண்டிருந்தாள். நாரைக் கீழே வைத்தாள். இன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிற நாள். அதுதான் கொடுமை.

"கை வெச்சேனேடி."

நான் உதிர்ந்த பூவை அள்ளித் தட்டில் போட்டேன்.

"அந்த வரி முடியிற எடத்துல ஒண்ணுமே இல்ல வசந்தி. இருட்டு கூட இல்ல. எப்படிப் போனாலும் திரும்ப அங்கியே வந்து நிக்கிறேன். உம் மொகத்தப் பாத்தேன். நீ கண்ண மூடிக்கிட்டு ரசிச்சிட்டு இருக்க."

"உன் மானம் போயிருமோன்னுதான்க்கா..."

"மானம் கெடக்குது. பயத்துல செத்துட்டேன். நாலு பேரு கைதட்டறாங்கன்னு என்ன அங்கியே வுட்டுட்டியேடி."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மறுபடி நாரை எடுத்துப் பூவைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். என் கையில் அவள் நகம் பதிந்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது. அதைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?


அக். 1, புதன். சரஸ்வதி பூஜை

பொரி, கடலை, சுண்டல். என் கீபோர்டைக்கூட வக்கீல் சார் பொட்டு வைத்துக் கும்பிட்டார். வருஷம் முழுக்க அதை உடைக்கிற மாதிரி தட்டச் சொல்கிறவர்.

வீட்டில் ஸ்ருதிப் பெட்டி, தாளம், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் பூஜையில். இன்றைக்குத் தொடக் கூடாது, பாடக் கூடாது. அக்கா சந்தனம் வைத்தாள். எதற்கு எவ்வளவு என்று தப்பாமல் வைத்தாள். பேச்சு: "தீப்பெட்டி எங்க?", "கதவச் சாத்து." அவ்வளவுதான் இன்று முழுவதும்.

மார்கழிக்கு வர முடியாது என்று கோவிந்தன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஏங்க, ஏதாவது மனஸ்தாபங்களா?" என்கிறார். இல்லீங்க.


அக். 2, வியாழன். விஜயதசமி

வெளிச்சம், நல்ல காற்று. கறிக்கடை லீவு, தெரு அமைதி.

பூஜை முடிந்து எல்லாவற்றையும் எடுத்தோம். இன்றைக்கு ஒரு வரியாவது பாடியே ஆக வேண்டும், அதுதான் முறை. பாடுக்கா என்றேன். ஸ்ருதிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நீ பாடு. நான் கேக்கறேன்." சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் எதிரில் நான் தனியாகப் பாடியதில்லை.

வேறு எதுவும் வாயில் வரவில்லை, அ.பா.தான் வந்தது. பல்லவி பாடினேன். அனுபல்லவி. சரணத்தில் மஞ்சள் காட்டு வரி வந்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. மறந்து அல்ல. வார்த்தை வாயிலேயே இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஸ்ருதிப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அக்கா ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. என் கை மேல் கையை வைத்து, மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.

"ஏரி..."